கணினி கேட்கும் 48 இலக்கங்கள்

கேள்வி: கடையில் பயாஸைப் புதுப்பித்த பின் என் மடிக்கணினி நீலத்திரையில் 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கிறதே, ஹார்டு டிஸ்க் பழுதா?
– ஒரு வாசகர், வ. புதுப்பட்டி

பதில்: டிஸ்க்கின்மீது தோஷமில்லை. மதர்போர்டிலுள்ள டி.பி.எம். என்னும் சில்லு, துவங்கும் முறையை முன்பு கண்ட லக்ஷணத்தோடு ஒப்பிட்டு, பயாஸ் மாறியிருக்கவே சந்தேகங்கொண்டு, டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் சாவியைத் தர மறுத்துவிட்டது. மீசையை மழித்து வந்த எஜமானரை வாசலிலேயே மறிக்கும் காவற்காரனைப் போல. திரையில் காணும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துக்களைக் குறித்துக்கொண்டு, கைபேசியில் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கினுள் நுழைந்து, அதற்கு நேரேயுள்ள 48 இலக்க மீட்புச் சாவியை ஆறாறாக இட்டால் திறக்கக்கூடும். 2024 ஜூலை 19-ல் கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஸ்தம்பித்து, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித்தந்த அன்றும், நிர்வாகிகள் பலரை வாட்டியது இந்தச் சாவி தேடும் வேலைதான். சாவி எங்குமே கிட்டாவிடில் கோப்புகளை மறந்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதே. "திறந்து தருகிறேன்" என்பாரிடம் முன்பணம் கொடாதீர்கள்.