மரத்தைத் தின்பது எப்படி? ஒரு வண்டும் ஒரு குளவியும்

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் போனவங்க முந்திரித் தோப்புகளைப் பார்க்காம வந்திருக்க முடியாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அந்தத் தோப்புகளை ஒரே நாளில் சாய்த்தது. ஆனா சத்தமே இல்லாம முந்திரியைச் சாய்க்கிற ஒரு வண்டும் இருக்கு. அதைப் புரிஞ்சுக்க, பைன் மரத்தைத் தின்னும் ஒரு குளவியோட ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதல்ல ஒரு கேள்வி. மரக்கட்டை நல்ல சாப்பாடா? இல்லை. அதில் செல்லுலோஸும் லிக்னினும்தான் அதிகம். உடம்பு வளரத் தேவையான நைட்ரஜன் ரொம்பக் குறைவு. இந்தச் சிக்கலை ரெண்டு பூச்சியும் ரெண்டு விதமா தீர்க்குது.

வண்டு: முந்திரி தண்டுத் துளைப்பான், அடிமரத்துப் பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். வெளிவரும் புழு பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள திசுவைத் தின்னும். சத்து இருப்பது அங்கேதான். இலையிலிருந்து வேருக்கு உணவு போகும் பாதையும் அதுதான். சுரங்கம் மரத்தைச் சுற்றி வளைத்தால், வேர் பட்டினி கிடந்து மரம் சாகும்.

குளவி: சைரெக்ஸ் நாக்டிலியோ என்ற மரக்குளவி, பைன் மரத்துக்குள்ளே ஊசி போட்ட மாதிரி முட்டையை இறக்கும். கூடவே ஒரு நச்சுக் கூழும் பூஞ்சையும் போகும். கூழ் மரத்தைத் தளர வைக்கும். பூஞ்சை கட்டையைப் பக்குவப்படுத்தும். சமையல்காரரைக் கூடவே கூட்டிட்டு வர்ற மாதிரி! இந்தப் பூஞ்சை இல்லாம அதோட புழு வளராது.

இப்போ முக்கியமான விஷயம். எப்படிச் சாப்பிடுதோ, அதை வைத்துத்தான் தடுக்கவும் முடியும். டெலடீனஸ் என்ற நூற்புழு அதே பூஞ்சையைத் தின்று பெருகும். குளவியின் புழுவைச் சந்தித்தால் உள்ளே புகுந்து, வளர்ந்த பெண் குளவியை மலடாக்கும். ஆஸ்திரேலியாவில் இதைப் பரப்பித்தான் பைன் காடுகளைக் காப்பாத்தினாங்க.

நம்ம வண்டுக்கு அப்படிப் பூஞ்சைத் துணை கிடையாது. அதனால இந்த வழி இங்கே செல்லாது. புழு பட்டைக்கு அடியில் இருக்கும்போதே உளியால் செதுக்கி எடுக்கணும். செத்த மரத்தைத் தோப்பிலேயே விட்டா, உள்ளே இருக்கும் புழுக்கள் வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா, முந்திரியின் அடிமரத்தைக் குனிஞ்சு பாருங்க. பிசின் வடிந்து, மரத்தூள் கொட்டிக் கிடந்தா உடனே தோப்புக்காரர்கிட்ட சொல்லுங்க. இலையெல்லாம் மஞ்சளான பிறகு சொன்னா, பெரும்பாலும் மரம் பிழைக்காது.