திருத்தொண்டில் மலரும் நட்பு

சைவ சமயம் இறைவனை அடையும் நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுத்துள்ளது. இவற்றுள் முதலாவதாகிய சரியை உடம்பினாற் செய்யும் தொண்டாகும். திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடுதல், அடியார்களை உபசரித்தல் என்பன இதில் அடங்கும். இதனைத் தாச மார்க்கம் என்றும் கூறுவர். இந்நெறிக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர் திருநாவுக்கரசு நாயனார். அவரது வரலாற்றை ஊன்றி நோக்கினால், தொண்டு நம்மை இறைவனிடம் மாத்திரமன்றி நல்ல மனிதர்களிடமும் கொண்டு சேர்க்கும் என்பது விளங்கும்.

ஊர் மாறி வந்த பெரியவர்

திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார், சமண சமயஞ் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் மதிப்போடு வாழ்ந்தவர். சூலை நோயால் வருந்தி, அவ்விடம் விட்டுத் திருவதிகைக்கு வந்தபோது அவருக்கென்று இருந்தவர் தமக்கையார் திலகவதியார் ஒருவரே. அந்த அம்மையார் அதிகை வீரட்டானத்தில் அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் ஆகிய பணிகளைச் செய்து வந்தார். தமக்கையின் வழியிலே தம்பியாரும் உழவாரப் படையைக் கையில் எடுத்தார். அன்று தொடக்கம் அவர் போன ஊரெல்லாம் சொந்த ஊராயிற்று.

சீர்காழியில் ஞானசம்பந்தப் பிள்ளையார் அவரை “அப்பரே” என்று அழைத்தார். ஒருவர் முதியவர், மற்றவர் பாலகர். ஆயினும் திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது, இறைவன் அளித்த படிக்காசைக் கொண்டு இருவரும் அடியார்களுக்கு அமுதளித்தனர். ஒரே தொண்டிலே கை கோத்தவர்களுக்கு வயது ஒரு தடையாக இருக்கவில்லை.

திங்களூர் தரும் பாடம்

திங்களூரிலே அப்பூதியடிகள் என்னும் அந்தணர் வாழ்ந்தார். அவர் நாவுக்கரசரை நேரிற் கண்டவரல்லர். அவரது தொண்டின் சிறப்பைக் கேள்வியுற்று, தம் பிள்ளைகளுக்கும், தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலிலே தம் பெயரைக் கண்டு, அதனை அமைத்தவர் வீட்டை விசாரித்துச் சென்றார். வழிப்போக்கரின் தாகந் தீர்க்க வைத்த தண்ணீர்ப் பந்தல், முன்பின் அறியாத இருவரை உயிர் நண்பர்களாக்கியது. புதியவர் தொண்டோடு வரவேண்டும். ஊரவர் திறந்த வாசலோடு காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தாலே நட்பு உண்டாகும்.

திருப்புகலூரில் முருக நாயனார் பூமாலைத் தொண்டு செய்தவர். அவரது திருமடத்திலே சம்பந்தர், அப்பர், சிறுத்தொண்டர், திருநீலநக்கர் ஆகியோர் ஒன்றுகூடி அளவளாவி இருந்தனர் எனப் பெரியபுராணம் கூறும். பின்னர் அதே புகலூரில் அப்பர் பெருமான் தம் 81ஆவது வயதிற் சித்திரைச் சதயத்தன்று இறைவனடி சேர்ந்தார் என்பர். முதுமையிலும் அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. உழவாரஞ் செய்த இடத்திற் பொன்னும் மணியும் தோன்றியபோதும், அவற்றைக் கல்லோடு கல்லாகக் குளத்திலே எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

நமக்குரிய கடமை

திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு இடம்பெயர்வின் துயரத்தைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு வன்செயல்களும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோளும், 2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கில் நிகழ்ந்த போரும் பலரை ஊரை விட்டு எழுப்பின. இவை தவிர, பிள்ளைகளின் தொழில், பேரப்பிள்ளைகளின் படிப்பு என்பவற்றின் பொருட்டு நகரை அண்டிய பாலையூற்று போன்ற இடங்களுக்கு வந்து சேரும் முதியோரும் உளர். சொந்த ஊரிலே படலையைத் திறந்தாற் பேச ஆளிருக்கும். இங்கோ, மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் போனபின் பகல் முழுவதும் தனிமையே துணை. உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லாத வீட்டிலும் இக்குறை உண்டு.

இதற்கு ஆலயத் தொண்டு அருமருந்தாகும். வெள்ளிக்கிழமைகளிற் பூமாலை கட்டலாம். விளக்குத் திரி திரிக்கலாம். அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டலாம். புராணபடனத்திற் பயன் சொல்லலாம். சிறுவர்க்குத் தேவாரஞ் சொல்லிக் கொடுக்கலாம். கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் வரும் காலத்திலும், சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களிலும் தாகசாந்தி நிலையங்களிற் கைகொடுக்கலாம். குனிந்து கூட்ட இயலாதவர் இருந்து பூத்தொடுக்கலாம். “எந்த ஊர்?” என்று தொடங்கும் பேச்சு, மாலை கட்டி முடிவதற்குள் பிள்ளைகள், நோய், இழந்த வீடு, வளவு என்று விரிந்துவிடும். அடுத்த வெள்ளி ஒருவர் வராவிடில் மற்றவர் வீடு தேடிப் போவார். இதுவே நட்பு.

ஆகையால், ஆலயத்துக்குப் புதிதாக வரும் முதியவர் தூணோரம் தனித்திருக்கக் கண்டால், கும்பிட்டுவிட்டுப் போய்விடாது, “ஐயா, அம்மா, இந்தப் பூவை ஒருக்காத் தொடுத்துத் தாருங்கோ” என்று கேட்போமாக. அவ்வொரு சொல் அவருக்குத் திங்களூர்த் தண்ணீர்ப் பந்தலாக அமையும். அடியார் கூட்டத்தோடு இணைந்து தொண்டு செய்யும் பேற்றை எல்லாம் வல்ல இறைவன் அனைவர்க்கும் அருள்வானாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக.