விடுவது வேறு, கொடுப்பது வேறு

ஸ்ரீரங்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்று விடியற்காலை நீ அனுப்பிய குரல் பதிவை வாசல் தெளிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். பாதிப் பேச்சு, பாதி அழுகை. "இந்தப் பூனைக்குட்டியை யாரிடமாவது கொடுத்துவிடலாமா பெரியம்மா, இப்படி நினைப்பதே பாவமா?" என்று கேட்டிருந்தாய். பாவமில்லை. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வை. மூன்று வாரமாக ஒழுங்கான தூக்கம் இல்லை, முழங்கை வரை கீறல், சின்னவளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு லேப்டாப் முன் உட்கார வேண்டும். இந்த நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

சின்னவள் கையில் உங்கள் குட்டி லட்டு கீறி ரத்தம் வந்ததற்கு மஞ்சள் வைத்ததாகச் சொன்னாய். நேற்றே போனில் சொன்னேன், போய் ஊசி போட்டு வந்தாயா? இதில் மட்டும் நாளை, நாளன்றைக்கு என்பது கூடாது. எங்கிருந்து வந்தது, எது கடித்தது என்று தெரியாத தெருக்குட்டி கீறினாலும் கடித்தாலும், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். முதல் நாள் போட்டதும் 3, 7, 28-ஆம் நாள்களில் மறுபடி போடச் சொல்வார்கள். நடுவில் ஒன்றைக்கூட விட்டுவிடாதே.

"நாங்கள் வளர்க்காத பூனையா?" என்று சம்பந்தியம்மா சொன்னது உன்னைக் குத்திவிட்டது. அவர் சொன்னதில் பொய் இல்லை. நம் வீட்டிலும் பூனை இல்லாத நாளே கிடையாது. ஆனால் யோசித்துப் பார், அவற்றை நாமா வளர்த்தோம்? நெல் குதிர் இருந்தது, அதனால் எலி இருந்தது, அதனால் பூனை தானாக வந்தது. பரண் மேல் குட்டி போட்டது. எங்கே பள்ளம் பறித்து, எப்படி மண்ணைத் தள்ளி மூடுவது என்பதைக் குட்டிகள் தாயைப் பார்த்துப் பழகின. ஒரு குட்டி விளையாட்டில் ஓங்கிக் கடித்தால் மற்றது வீல் என்று கத்தி விலகிப் போகும், ஆட்டம் நின்றுபோகும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு அப்படித்தான் அதற்குப் பிடிபடும். கழிப்பதற்குக் கொல்லை, ஏறுவதற்கு ஓட்டுக் கூரையும் மாமரமும். நாம் செய்ததெல்லாம் ஒரு கைப்பிடி சாதத்தில் கொஞ்சம் பால் ஊற்றி வைத்தது. பிழைக்காமல் போன குட்டிகளை யாரும் கணக்கு வைத்ததும் இல்லை.

உன் வீடு எட்டாவது மாடியில். தாய் இல்லை, கூடப்பிறந்த குட்டிகள் இல்லை, கொல்லை இல்லை, மரம் இல்லை. இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலை இப்போது உன் ஒருத்தி தலையில். அந்தக் காலத்துப் பூனையோடு லட்டுவை ஒப்பிட்டால் உனக்கும் நியாயமில்லை, அதற்கும் நியாயமில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் கத்திக்கொண்டிருந்ததை மாப்பிள்ளை தூக்கி வந்தபோது அதற்கு ஆறு வாரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எட்டு வாரமாவது, பன்னிரண்டு வாரம் இருந்தால் இன்னும் நல்லது, குட்டி தாயிடம் இருக்க வேண்டும். கடிக்கும் அளவைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் இது தனியாகிவிட்டது. ஆகவே அது உன் கையைக் கடிப்பது குணக்கேடு இல்லை, யாரும் சொல்லித்தராத குறை. இனி அதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். கையை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதை வீட்டில் எல்லோரும் இன்றோடு நிறுத்துங்கள், சின்னவள் உட்பட. கடித்தால் வெடுக்கென்று இழுக்காதே. இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கையை அசைக்காமல் வைத்திரு. விட்டதும் எழுந்து போய்விடு. அடிக்காதே, தண்ணீர் தெளிக்காதே. அடி வாங்கிய பூனை கடிப்பதை விடாது, உன்னைக் கண்டால் பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும்.

இரவுத் தூக்கத்துக்கு வருகிறேன், உன்னை உடைத்துப்போட்டது அதுதான். பூனைக்குச் சுறுசுறுப்பான நேரம் விடியலும் அந்தியும். பகலெல்லாம் நீ வேலை பார்க்கும்போது அது தூங்கித் தீர்க்கிறது, நீ படுக்கப் போகும்போது எழுந்துகொள்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மாப்பிள்ளையை ஒரு நீளக் குச்சியில் பழைய பாவாடை நாடாவைக் கட்டித் தரையோடு தரையாக இழுக்கச் சொல். சோபாவுக்கு அடியில் மெல்ல மறைய வேண்டும், எலி ஒளிவதுபோல. அது பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டும், கண்ணின் கறுப்பு முழுக்க விரியும், அப்புறம் பாயும். கால் மணி நேரம் அப்படி ஓடட்டும். கடைசியில் பிடிக்கவும் விடுங்கள், பிடிபடாமலே ஆட்டம் முடிந்தால் அதற்கு ஆறாது. பிடித்ததும் அன்றைய கடைசிச் சாப்பாட்டை வை. சாப்பிட்டுவிட்டு முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைத்துக்கொள்ளும், பிறகு தூங்கும். வேட்டை, உணவு, சுத்தம், தூக்கம் என்பது அதன் உடம்பில் உள்ள வரிசை. அந்த நாடாவை மட்டும் மறக்காமல் எடுத்து உள்ளே வை. விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்து. நாலு மணிக்குக் கத்தும்போது எழுந்து போய்ச் சாப்பாடு வைக்காதே. கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும். சில ராத்திரி முன்னைவிட அதிகமாகக் கத்தும், பொறுத்துக்கொள்.

வயிற்றுப்போக்கு என்றாய். பாலை நிறுத்து. பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் பசும்பால் அதற்குப் பெரும்பாலும் செரிக்காது. பாலை நிறுத்தியும் நிற்காவிட்டால் குடற்புழுவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. தயிர் சாதத்திலும் அதை வளர்க்க முடியாது. நம் வீட்டில் கறி, மீன் புழங்காது, உன் மாமியார் வீட்டிலும் அப்படியே. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. மாமிசத்தில் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயம் கெடும். குட்டிகளுக்கென்று விற்கும் பாக்கெட் உணவை வாங்கி, ஒரு நாளைக்கு நாலு வேளையாகப் பிரித்து வை. அந்த வாசனைகூட வீட்டில் ஆகாது என்று சம்பந்தியம்மா உறுதியாகச் சொன்னால், கொடுத்துவிடுவதற்கு அது நேர்மையான காரணம்தான்.

தரையைப் பினாயில் போட்டுத் துடைப்பதையும், பீரோவில் பாச்சை உருண்டை போடுவதையும் நிறுத்து. இரண்டும் பூனைக்கு விஷம். காய்ச்சலாக இருக்கிறதே என்று குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலை லட்டுவுக்குக் கொடுத்துவிடாதே, அரை மாத்திரையே கொன்றுவிடும். பால்கனியில் புறா வலை இருந்தால் ஓரங்கள் அவிழாமல் இருக்கின்றனவா என்று பார். வலை இல்லாவிட்டால் கதவு மூடியே இருக்கட்டும்.

இதெல்லாம் கைப்பக்குவம், பழகிவிடும். நீ பேசியதில் என்னை உண்மையில் உறுத்தியது வேறு. கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. பேர் வைத்துக் கொஞ்சுகிறவள் சின்னவள். குறை சொல்கிறவர் சம்பந்தியம்மா. மலம் அள்ளுகிறவள் நீ. குட்டி போட்ட பூனை மாதிரி ராத்திரியெல்லாம் வீட்டைச் சுற்றுகிறவளும் நீ. உன்னைத் தோற்கடித்தது அரைக் கிலோ பூனைக்குட்டி என்று நினைக்கிறாயே, அது தப்பு. ஒரு வீட்டுக்கு வந்த உயிரை ஒருத்தியிடம் தள்ளிவிட்டதுதான் உன்னைச் சாய்த்திருக்கிறது. மாப்பிள்ளையை உட்காரவைத்துப் பேசு. லட்டு மலம் கழிக்கும் மண் தட்டு அவர் பொறுப்பு, தினமும். இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கிறாய் அல்லவா, அதற்கும் இது நல்லது. பூனை முடி வயிற்றில் போனால் கரு தங்காது என்பதெல்லாம் வீண் பேச்சு. ஆனால் பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும், கர்ப்பிணிகள் அந்தத் தட்டைத் தொடாமல் இருப்பதே முறை. ராத்திரி ஆட்டம் அவரும் சின்னவளும். நீ சாப்பாடு மட்டும். இதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், இந்த வீடு ஒரு பூனைக்குத் தயாராக இல்லை என்று பொருள். அப்போது கொடுத்துவிடு, தயங்காதே. குழந்தை அழுவாள் என்பதற்காக மட்டும் ஓர் உயிரை வைத்துக்கொண்டு நீ தினம் தினம் கரைவதை நான் ஒப்பமாட்டேன்.

ஒப்புக்கொண்டால் ஒரு மாதம் பார். அதற்குள் இரண்டு தடுப்பூசி சுற்றும் வெறிநோய் ஊசியும் முடிந்துவிடும். முதல் ஊசி இப்போதே போட வேண்டிய வயது. குட்டிகளைக் கூட்டமாக வாரிக்கொண்டு போகும் பூனைப் பார்வோ நோய்க்கு அதுதான் காவல். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், 1903-இலிருந்து இருக்கும் இடம். மாதம் முடிந்தும் உனக்கு முடியவில்லை என்றால் அப்போது கொடு. அப்போதும் அது சின்னக் குட்டிதான், விரும்பி எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். வளர்ந்த பூனையைக் கொடுப்பது அதைவிடக் கடினம்.

இரண்டே காரணங்களுக்கு அந்த ஒரு மாதமும் காக்க வேண்டாம். சின்னவளுக்கு இளைப்பு வந்து, பூனை ஒவ்வாமைதான் என்று டாக்டர் சொன்னால் உடனே கொடு. இன்னொன்று, அடிக்கக் கை ஓங்கிவிட்டு நடுங்கிப்போனதாகச் சொன்னாயே, அது. இன்னொரு தடவை அப்படி வந்தால் காத்திருக்காதே. கொடுத்துவிடு. அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஆனால் கொடுப்பது வேறு, விடுவது வேறு. மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சம்பந்தியம்மா சொன்னதை ஒரு நிமிடம்கூட மனதில் வைக்காதே. மார்க்கெட் ஏற்கெனவே பெரிய பூனைகளுக்கும் நாய்களுக்கும் சொந்தம். வேட்டை கற்காத, சோபாவில் தூங்கிப் பழகிய குட்டி அங்கே சில நாள் தாங்கினாலே அதிகம். காரணமில்லாமல் ஒரு பிராணியைப் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் அபராதம். சட்டம் அதை இவ்வளவு சின்னக் குற்றமாக வைத்திருப்பதற்காக நாமும் அப்படி எண்ண வேண்டியதில்லை.

இந்த ஊரில் மார்ஜார நியாயம் கேட்காமல் வளர்ந்தவர்கள் இல்லை. தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகிறது, குட்டி சும்மா தொங்குகிறது, காப்பது முழுக்கக் கவ்வியவள் பொறுப்பு என்பார்கள். பரணில் நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். இடம் சரியில்லை என்று பட்டால் தாய்ப்பூனை குட்டியை வேறு இடத்துக்கு மாற்றும். நடுவழியில் போட்டுவிட்டுப் போகாது. நீயும் அப்படி மாற்றலாம்.

யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார். ஜன்னலுக்கு வலை உண்டா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்வார்களா என்று கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. முன்பின் தெரியாதவர் சும்மா கிடைக்கிறதே என்று வந்து கேட்டால் கொடுக்காதே. ஒத்துவராவிட்டால் எனக்கே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லி வை. தடுப்பூசி அட்டை, பழகிய உணவு, அது படுத்திருந்த துண்டு மூன்றையும் கூடவே கொடு. சின்னவளிடம் "ஓடிப்போய்விட்டது" என்று சொல்லாதே. அவளையும் அழைத்துப் போ. லட்டு இருக்கப்போகும் வீட்டை அவளும் பார்க்கட்டும். அழுவாள், ஆனால் நீ சொல்வதை நம்பிக்கொண்டே அழுவாள்.

நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத ஆசைதான். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, வீட்டுப் பூனை பதினைந்து வருடம் வாழும். அதனால் கேட்கவில்லை. ஆள் தேடுவதற்கு வேண்டுமானால் திருச்சியில் நான்கு பேரிடம் சொல்லிவைக்கிறேன்.

இன்று ராத்திரி லட்டுவைத் தட்டோடும் தண்ணீரோடும் ஓர் அறையில் விட்டு, மாப்பிள்ளையை அங்கே படுக்கச் சொல். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. தூக்கம் தெளிந்த பிறகு முடிவு எடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய். மண் தட்டு விஷயத்தில் மாப்பிள்ளை என்ன சொன்னார் என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
பெரியம்மா