திரைக்குத் தக்க வடிவம்

ஏழு புள்ளிக் கோலம் ஒன்றை வீட்டுப் படியிலும் போடலாம், அகலமான தெருவிலும் போடலாம். படியில் புள்ளிகள் நெருங்கி விழும். தெருவில் இடைவெளி கூடும். இரண்டிலும் புள்ளிகள் ஏழுதான். ஆனால் கோலத்தின் அகலம் ஒன்றா? இல்லையல்லவா? கைப்பேசித் திரையும் ஒரு புள்ளிக் கோலமே. அதில் தெரியும் எழுத்தும் படமும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனவை. இவற்றைப் 'பிக்சல்' என்பர்.

செயலி எழுதுவோரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழக அரசு 2018-இல் வெளியிட்ட 'உழவன்' செயலி சந்தை விலை, மானியம், பயிர்க் காப்பீடு போன்ற செய்திகளைத் தருகிறது. இத்தகைய ஒரு செயலியைக் கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுபவர் பழைய சிறு கைப்பேசியில் திறக்கலாம்; விழுப்புரத்தில் ஓர் அலுவலர் பெரிய டேப்லெட்டில் திறக்கலாம். சிறு திரையில் 'பதிவு செய்க' என்னும் பொத்தான் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் என்ன ஆகும்? விண்ணப்பிக்கும் கடைசி நாள் கைநழுவிப் போகும். பெரிய கைப்பேசி வாங்க இயலாதவருக்கே இந்த இழப்பு நேரும் என்பதைக் கவனியுங்கள்.

புள்ளி ஓர் அலகாகுமா?

2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை மூலைவிட்டம் 3.5 அங்குலம், ஓர் அங்குலத்தில் 163 புள்ளிகள். 2010-இல் வந்த ஐபோன் 4-இன் திரையும் 3.5 அங்குலமே, ஆனால் அங்குலத்தில் 326 புள்ளிகள். 48 புள்ளி அகலமுள்ள ஒரு பொத்தானை இரண்டிலும் வரைவதாகக் கொள்வோம். முதலாவதில் அதன் அகலம் 48 ÷ 163 = 0.294 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.5 மி.மீ. இரண்டாவதில் 3.7 மி.மீ. மட்டுமே! விரல் வைத்தால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அழுந்தும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? புள்ளி என்பது எண்ணிக்கை. நீளத்தின் அலகு அன்று. ஆகவே ஆண்ட்ராய்டு செயலிகளில் 'டிபி' என்னும் அலகைக் கையாளுகிறார்கள். ஓர் அங்குலத்தை 160 பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு டிபி.

புள்ளிகள் = டிபி × (ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகள் ÷ 160)

48 டிபி அகலப் பொத்தானுக்கு, அங்குலத்தில் 160 புள்ளிகள் உள்ள திரையில் 48 புள்ளிகளும், 320 உள்ள திரையில் 96 புள்ளிகளும், 480 உள்ள திரையில் 144 புள்ளிகளும் தேவை. எண்ணிக்கை மாறினும் நீளம் 7.6 மி.மீ.தான். (நடைமுறையில் கருவி தன் புள்ளி அடர்த்திக்கு அருகிலுள்ள ஒரு முழு எண்ணைக் கணக்கில் கொள்வதால் சிறு வேறுபாடு வரும்.) தொடு பொத்தான் 48 டிபிக்குக் குறையலாகாது என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல்.

அகலம் கூடினால்?

பொத்தான் சரியாயிற்று, பக்கம் முழுவதும்? பல கைப்பேசிகளின் அகலம் 360 டிபி அளவில் இருக்கும். டேப்லெட்டில் அது 800-ஐயும் தாண்டும். ரப்பரைப் போல் எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் வரிகள் மிக நீண்டு, கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தவிக்கும். எனவே இழுப்பதற்குப் பதிலாக மாற்றி அடுக்குகிறார்கள். அகலம் 600 டிபிக்குக் குறைவானால் ஒரே பத்தி. சந்தையைத் தொட்டால் விலை அடுத்த பக்கத்தில் வரும். 840-க்கு மேற்பட்டால் இரண்டு பத்திகள்; இடப்புறம் சந்தைகளின் பட்டியல், வலப்புறம் விலை. இணையப் பக்கங்களுக்கான இத்தகைய முறையை 2010-இல் விளக்கிப் பெயரிட்டவர் ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர்.

தமிழுக்குத் தனிக் கவனம்

ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டியில் 'சமர்ப்பிக்கவும்' என்னும் சொல் அடங்காமல் போகலாம். உயரத்திலும் சிக்கல் உண்டு. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி. 'கூ', 'மு' போன்றவற்றுக்குக் கீழே சுழி. பெட்டியின் உயரத்தை இறுக்கினால் மேற்புள்ளி வெட்டுப்பட்டு 'மண்' என்பது 'மண' ஆகிவிடும்! பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கியும் படிப்பார்கள். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல் இரு மடங்குவரை பெரிதாக்கலாம். ஆகவே பெட்டியின் அளவை முன்கூட்டியே பூட்டாமல், உள்ளே வரும் சொல்லுக்கேற்ப வளர விடுவதே சரியான முறை.

செய்து பாருங்கள்

1. ஒரு திரையில் 720 × 1600 புள்ளிகள்; மூலைவிட்டம் 6.5 அங்குலம். பிதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டத்தில் √(720² + 1600²) ≈ 1755 புள்ளிகள். 1755 ÷ 6.5 = 270. ஓர் அங்குலத்தில் 270 புள்ளிகள் என்பது விடை. உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கும் இதைக் கணக்கிடுங்கள்.

2. அதே கைப்பேசியில் எழுத்தின் அளவை முடிந்தவரை பெரிதாக்கி, நீங்கள் பயன்படுத்தும் செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதில் சொற்கள் வெட்டுப்படுகின்றன? எதில் பொத்தான் காணாமல் போகிறது? குறித்து வையுங்கள். நாளை நீங்கள் செயலி எழுதும்போது அந்தக் குறிப்பு உதவும்.