பெற்றோரைப் பராமரிக்கும் உங்களுக்கும் பராமரிப்பு வேண்டும்

சிங்கப்பூரில் பல வீடுகளில் இன்று, முதியவரைப் பராமரிப்பவரும் ஒரு மூத்தவரே. உங்களுக்கு 62 வயது, அம்மாவுக்கு 88 வயது என்று இருக்கலாம். காலையில் அவரைக் கழிவறைக்கு அழைத்துச் சென்று, குளிப்பாட்டி, பசியாற வைத்து, மாத்திரைகளைக் கொடுத்து முடித்த பிறகுதான், உங்கள் இரத்த அழுத்த மாத்திரையை நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வரும்.

நீங்கள் செய்வது பெரிய பணி. அதைத் தொடர்ந்து செய்ய உங்கள் உடலும் மனமும் தாங்க வேண்டும். அதற்கு உதவும் சில வழிகளை இங்கே காணலாம்.

தூக்க வேண்டாம், எழுந்திருக்க உதவுங்கள்

கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கியோ எழுப்பினால் அவருடைய தோள்பட்டையும் உங்கள் இடுப்பும் பாதிக்கப்படலாம். நாற்காலியிலிருந்து எழ இவ்வாறு உதவுங்கள்:

• அவரை நாற்காலியின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.
• இரு பாதங்களும் தரையில் நன்கு பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும்.
• கைகளால் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, உடலை முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள்.
• நீங்கள் பக்கத்தில் நின்று, ஒரு கையை அவர் முதுகில் வைத்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணுங்கள். அவரே எழட்டும்.
• எழுந்ததும் ஒரு நிமிடம் நிற்கட்டும். தலைசுற்றல் இல்லையென்றால் நடக்கலாம்.

நேரம் கூடுதலாக ஆகும்தான். ஆனால் அவர் தானாக எழும் ஒவ்வொரு முறையும் அவருடைய கால்களுக்கு அது ஒரு பயிற்சி.

அவர் விழுந்துவிட்டால் உடனே தூக்கி நிறுத்த முயலாதீர்கள். எங்கே வலிக்கிறது, தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். அசைய முடியாத அளவு வலி இருந்தால் 995ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குளியலறையைப் பாதுகாப்பானதாக ஆக்குங்கள்

ஈரத் தரையில் வழுக்குவது எளிது. கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரையும் குளியல் நாற்காலியும் உங்கள் பாரத்தைப் பெரிதும் குறைக்கும். வீவக வீடுகளுக்கான ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், சிங்கப்பூர்க் குடிமக்கள் இத்தகைய வசதிகளுக்கு 95 விழுக்காடு வரை மானியம் பெறலாம். நீங்களே 65 வயதை எட்டியிருந்தால் அந்தக் கைப்பிடிகள் உங்களுக்கும்தான்.

குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, பகுதி பகுதியாகக் கழுவுங்கள். பிள்ளையின் முன் உடை களைவது பெற்றவருக்குக் கூச்சமாக இருக்கும். “குளிக்க மாட்டேன்” என்று அவர் சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

திடீர்க் குழப்பத்தை முதுமை என்று விட்டுவிடாதீர்கள்

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, “வயதாகிவிட்டது” என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலும் இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, எடுத்துச் செல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ 995ஐ அழையுங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்

அப்பாவின் மருத்துவச் சந்திப்பு எதையும் தவறவிடாத நீங்கள், உங்கள் கண் பரிசோதனையை எத்தனை முறை ஒத்திவைத்தீர்கள்? உங்கள் சந்திப்பு நாள்களையும் அதே நாள்காட்டியில் எழுதுங்கள். அவருக்கு மாத்திரை கொடுக்கும் வேளையில் உங்கள் மாத்திரையையும் சாப்பிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கும்போது, “நான் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் முதுகுவலிக்கும் தூக்கமின்மைக்கும் அதில் விளக்கம் இருக்கலாம்.

ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. அந்த நேரத்தில் அவர் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குச் சென்று சற்று மூச்சு வாங்குங்கள். கோபத்தில் கை ஓங்கத் தோன்றினாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ தாமதிக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள். 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

உதவி கேட்பது கடமை தவறுவதாகாது

“பெற்ற தாயைப் பிறர் கையில் விடலாமா?” என்ற கேள்வி பலரைத் தடுக்கிறது. பகலில் சில மணி நேரம் அம்மா மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் உடற்பயிற்சி செய்து, மற்றவர்களோடு பேசிவிட்டு மாலையில் வீடு திரும்பினால், ஓய்வெடுத்த மகளிடம்தான் அவர் திரும்புகிறார். வீட்டிற்கே வரும் பராமரிப்புச் சேவையும், தாதிமை இல்லத்தில் சில நாள்கள் தங்கவைக்கும் வசதியும் உண்டு.

உடன்பிறந்தவர்களிடம் பொதுவாக “உதவி செய்” என்று சொல்வதைவிட, “சனிக்கிழமை காலை நீ வந்து அப்பாவோடு இரு”, “மாதாந்திர மருந்தை நீ வாங்கி வா” என்று வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியும் தினமும் காணொளியில் அப்பாவோடு பேசலாம். அந்த அரை மணி நேரம் உங்களுக்கு.

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்கு எப்போதும் பிறர் உதவி தேவைப்பட்டால், வீட்டுப் பராமரிப்பு மானியத்திற்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். சக்கர நாற்காலி போன்ற சாதனங்களுக்கு, 60 வயதைக் கடந்தவர்கள் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை மானியம் பெறலாம்.

பேச வேண்டியதைக் காலத்தோடு பேசுங்கள்

அம்மா தெளிவாக இருக்கும்போதே அவருடைய விருப்பங்களைக் கேளுங்கள். தமக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை நீடித்த அதிகாரப் பத்திரத்தில் அவர் பதிவுசெய்யலாம். சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். அந்த ஆற்றலை இழந்த பிறகு குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அவரோடு சேர்ந்து நீங்களும் உங்கள் பத்திரத்தை எழுதிவிடுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

• தள்ளிப்போட்ட உங்கள் மருத்துவச் சந்திப்பு ஒன்றைப் பதிவுசெய்யுங்கள்.
• படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு பொருத்துங்கள். வழியிலுள்ள கால்மிதிகளை அகற்றுங்கள்.
• உறவினர் ஒருவரிடம் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள்.
• ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்து, உங்கள் குடும்பத்திற்கு ஏற்ற சேவைகளையும் மானியங்களையும் பற்றிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று ஒன்றைத் தொடங்குங்கள்.