டிஃபரன்ஷியல்: பூட்டுவதா, திறப்பதா?



வைவாவில் எக்ஸ்டர்னல் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "டிஃபரன்ஷியல் எதற்கு?" "வளைவில் உள் சக்கரம் மெதுவாகவும் வெளிச் சக்கரம் வேகமாகவும் சுற்ற" என்று நாமும் ஒப்பித்துவிடுவோம். "அப்படியானால் ரேஸ் காரில் அதை ஏன் பாதி பூட்டி வைக்கிறார்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தால்? அதற்கான விடைதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஏற்காட்டுக்குக் காரில் கிளம்புகிறோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார் 180 டிகிரி திரும்பினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 3.14 × 1.5 = 4.71 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிசோ சிறிசோ, இந்த வித்தியாசம் மாறாது. (ஆரம் கணக்கில் அடிபட்டுப் போகும், போட்டுப் பாருங்க!) இரு சக்கரமும் ஒரே தண்டில் இறுகியிருந்தால், அந்த 4.71 மீட்டரை டயர்தான் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும். அதைத் தவிர்க்கவே ஹவுசிங்குக்குள் சன் கியரும் ஸ்டார் கியரும் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் இந்த அமைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. டார்க்கை அது இரு பக்கமும் சமமாகவே பிரிக்கும். ஒரு சக்கரம் சேற்றில் 100 நியூட்டன் மீட்டருக்கே வழுக்கினால், கெட்டி மண்ணில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் ஏறக்குறைய அதே 100தான் கிடைக்கும். சேற்று வயலில் டிராக்டர் ஓட்டுகிற அண்ணனைக் கேட்டுப் பாருங்க. டிஃபரன்ஷியல் லாக் பெடலை மிதித்து வண்டியை மேலேற்றுவார். ஏறியதும் உடனே விட்டுவிடுவார். பூட்டியபடியே திருப்பினால் வண்டி திரும்ப மறுக்கும், கியரும் உடையலாம். ஓட்டுநரே மாற்றியமைக்கும் டிஃபரன்ஷியல் என்பது நம்ம ஊருக்குப் புதிதல்ல என்பதைக் கவனியுங்கள்.

டிராக்டரில் இருப்பது இரண்டே நிலை: பூட்டு, திறப்பு. ரேஸ் காருக்கு இடைநிலைகள் வேண்டும். அதற்காக வந்ததுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். உள்ளே கிளட்ச் பிளேட்டுகள். அவை அழுந்த அழுந்தப் பூட்டு இறுகும். ஃபார்முலா ஒன் காரில் அந்த அழுத்தத்தை ஹைட்ராலிக் தருகிறது. அளவை மாற்ற ஸ்டியரிங்கிலேயே திருகு இருக்கிறது. ஒரு வளைவுக்கு மூன்று கட்டம்:

1. நுழையும்போது: பூட்டு கூடினால் பின்பகுதி நிலையாக நிற்கும், அளவு மீறினால் மூக்கு திரும்பாது.

2. நடுவில்: பூட்டு தளர்ந்தால் கார் இலகுவாகத் திரும்பும்.

3. வெளியேறும்போது: பூட்டு இறுகினால் இரு சக்கரமும் சேர்ந்து தள்ளும், அதிகமானால் இரண்டும் சேர்ந்தே வழுக்கி, வால் வீசும்.

பெட்ரோல் குறையும், டயர் தேயும். காலையில் பொருந்திய அளவு கடைசிச் சுற்றில் பொருந்தாது. அதனால்தான் ஓட்டத்தின் நடுவிலும் டிரைவர் திருகைத் தொடுகிறார். பிட்டிலிருந்து ரேடியோ அலை மூலம் காரின் செட்டிங்கை மாற்றும் முறை 2002-இல் அனுமதிக்கப்பட்டு, 2003 முதல் தடை செய்யப்பட்டது. கை டிரைவருடையதாகவே இருக்க வேண்டும்!

மற்ற உதவிகளின் கதையும் இதுவே. 1993-இல் வில்லியம்ஸ் காரில் ஆக்டிவ் சஸ்பென்ஷன், டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஏபிஎஸ் எல்லாம் இருந்தன. 1994-இல் தடை வந்தது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் 2001-இல் நடு சீசனில் திரும்பி வந்து, 2008-இல் மறுபடி போனது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இரண்டு காலத்தையும் பார்த்தவர். 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டியபோது அது விதிப்படி செல்லும். 2011, 2012-இல் ஹிஸ்பானியா அணியில் ஓட்டியபோது சக்கரம் வழுக்காமல் காப்பது அவருடைய வலது காலின் பொறுப்பு. திருகு மட்டும் ஏன் தப்பியது? அது டிரைவர் சொன்னதைச் செய்கிறது. டிராக்‌ஷன் கண்ட்ரோலோ அவருக்குப் பதிலாகத் தானே முடிவெடுக்கிறது. போட்டி என்பதே யார் சரியாக முடிவெடுக்கிறார் என்பதற்குத்தானே!

இங்கேதான் நம்மில் சிலர் தப்புக்கணக்கு போடுகிறோம். "ரேஸ்காரனே ஏபிஎஸ் இல்லாமல் ஓட்டுகிறான், எனக்கு எதற்கு?" என்று பைக்கை முறுக்குகிற நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. டிராக்கில் எதிரே வண்டி வராது. தடம் மாறினால் ஒதுங்க இடமுண்டு. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். நம்ம பைபாஸில் லாரி வரும், எருமை குறுக்கே வரும். ரேஸில் சோதிக்கப்படுவது திறமை. சாலையில் பணயம் வைக்கப்படுவது உயிர், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் உயிர். ஆகவேதான் ரேஸில் தடைசெய்த அதே ஏபிஎஸ், 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு நம் நாட்டில் கட்டாயமானது.

நாளை நாம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது, "இந்த ஏபிஎஸ் லைட் எரியுது தம்பி, ஒயரைக் கழற்றி விட்டுடு" என்று யாராவது சொல்லுவார். அன்று என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் நண்பர்களே, நமக்கு உண்மையான வைவா!

– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்