கணக்கு முதலில், கட்டடம் பிறகு

டோம்பிவிலியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவர் தினமும் ரயிலில் தாதருக்கு வேலைக்குப் போகிறார். மனைவி இட்லி விற்கிறார்.

வீட்டில் ஓர் அறையும் சமையல் அறையும் மட்டுமே உண்டு. மாமியார் சமையல் அறையில் படுக்கிறார். காலை 4 மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் அவர் தூக்கம் கெடும். வீட்டின் பின்னால் சொந்த இடம் இருக்கிறது. அங்கே ஓர் அறை கட்ட நினைத்தார்கள்.

மேஸ்திரி வந்து அளந்தார். 10 அடிக்கு 12 அடி.

"2 லட்சம் ஆகும்" என்றார்.

கையில் 2,30,000 ரூபாய் இருந்தது. கணவர் உடனே முன்பணம் கொடுக்கப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் மனைவி. நோட்டை எடுத்தார். "அண்ணே, இதில் என்னென்ன அடங்கும்?"

"அடித்தளம், சுவர், கூரை. மற்றதெல்லாம் தனிம்மா."

மற்றதை விசாரித்து, மனைவி எழுதினார்:

அடித்தளம், சுவர், கூரை – 2,00,000
கதவு, ஜன்னல் – 25,000
டைல்ஸ், பெயிண்ட் – 30,000
வயரிங், விளக்கு – 15,000
வரைபடம், அனுமதி – 20,000
கூட்டுத் தொகை – 2,90,000
எதிர்பாராத செலவு (10இல் 1 பங்கு) – 29,000
மொத்தம் – 3,19,000

"அனுமதி எதற்கு?" என்றார் கணவர்.

மாநகராட்சி அனுமதி இல்லாமல் கட்டினால் இடித்து விடலாம். போட்ட பணம் போய்விடும். உயிருக்கும் ஆபத்து. டோம்பிவிலிக்கு அருகே உள்ள மும்ப்ராவில், 2013 ஏப்ரல் 4 அன்று, அனுமதியின்றிக் கட்டிய கட்டடம் இடிந்து விழுந்தது. 74 பேர் இறந்தார்கள்.

இன்னும் 89,000 ரூபாய் வேண்டும்.

"வட்டிக்கு வாங்கலாமே?" என்றார் கணவர்.

"நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி கேட்கிறார்கள். மாதம் 2,670 ரூபாய். வருடத்துக்கு 32,040 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்."

கணவர் யோசித்தார். அப்போது பிப்ரவரி மாதம். மாதம் 10,000 ரூபாய் வங்கியில் போட்டால் அக்டோபருக்குள் 90,000 சேரும். மழைக்காலமும் முடிந்திருக்கும். அதற்குள் அனுமதியும் வாங்கலாம். விலை ஏறினால் கணக்கை மறுபடி போடலாம்.

மனைவி மாமியாரைப் பார்த்தார். "அத்தை, 9 மாதம் பொறுப்பீங்களா?"

"கடன் இருந்தால் புது அறையிலும் தூக்கம் வராது. பொறுக்கிறேன், தாயி."

பயிற்சி

1. மேஸ்திரி சொன்ன தொகையில் எவை அடங்கவில்லை?
2. 50,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால், ஒரு வருட வட்டி எவ்வளவு?
3. இங்குள்ள தொகைகள் உதாரணமே. உங்கள் ஊர் விலையை விசாரித்து, இதே போல் ஒரு பட்டியல் எழுதுங்கள்.